அஞ்சுக்கு அப்புறம் ரெண்டு

கேள்வி: எனக்கு 46 வயது. கும்பகோணத்தில் இருக்கிறேன். மூன்று வருடமாகத் தினமும் ஒரு கோலத்தைக் கட்டம் போட்ட தாளில் வரைந்து, புள்ளிக் கணக்கு என்ன, கம்பி எங்கே தொடங்கி எங்கே திரும்ப வேண்டும் என்று படிப்படியாக எழுதி, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கிறேன். பைசா வாங்குவதில்லை. முந்நூறு பேருக்குக் குறையாமல் பார்க்கிறார்கள். யார் யார் பார்த்தார்கள் என்று பெயரும் வருகிறது. ஆனால் ஒருவர்கூட ஒரு வார்த்தை சொல்வதில்லை. போன மார்கழியில் யாரோ என் பெயரை வெட்டிவிட்டு, என் கோலங்களைச் சின்னப் புத்தகமாகப் போட்டுக் கோயில் வாசலில் விற்றார்கள். ‘உன்னை யார் கேட்டார்கள்?’ என்கிறார் கணவர். மாமியார் மட்டும் தினமும் தாளை வாங்கிப் பார்த்து ஏதாவது குறை சொல்வார். போன வாரம் ஹிருதய கமலத்தைப் பார்த்துவிட்டு, ‘அஞ்சுக்கு அப்புறம் ரெண்டுக்குல்ல போகணும், நாலுக்குப் போயிட்டியே’ என்றார். அவருக்கு 81 வயது, எதையாவது சொல்லிக்கொண்டேதான் இருப்பார். எனக்கு மனசு விட்டுப்போய்விட்டது. நிறுத்திவிடலாமா? அந்தக் கோலத் தாளையும் இத்துடன் வைத்திருக்கிறேன். எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் தாளை வைத்துக்கொண்டு நானே போட்டுப் பார்த்தேன். உங்கள் மாமியார் சொன்னதுதான் சரி.

ஹிருதய கமலம் போட்டுப் பழக்கமில்லாத வாசகர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். நடுவில் ஒரு புள்ளி. அதைச் சுற்றி எட்டுத் திசையிலும் வரிசைக்கு ஐந்து புள்ளி. ஒரு வரிசையின் ஒன்றாம் புள்ளியில் தொடங்கி, அடுத்த வரிசையில் மூன்றுக்கு, அதற்கடுத்ததில் ஐந்துக்கு, பிறகு இரண்டுக்கு, பிறகு நாலுக்கு, மறுபடி ஒன்றுக்கு. இப்படியே ஐந்து சுற்று வந்தால் நாற்பது புள்ளியையும் தொட்டுவிட்டு, கம்பி புறப்பட்ட இடத்துக்கே வந்து கூடும். ஒன்று, மூன்று, ஐந்து, இரண்டு, நாலு. இதுதான் வாய்க்கணக்கு. சில வீடுகளில் ஒன்று, நாலு, ரெண்டு, அஞ்சு, மூணு என்பார்கள். அது எதிர்ப்பக்கமாகச் சுற்றுவது, கோலம் அதேதான்.

உங்கள் தாளில் ஒன்று, மூன்று, ஐந்து, நாலு, இரண்டு என்று இருக்கிறது. இதில் சிக்கல் என்னவென்றால், இப்படிப் போட்டாலும் கம்பி கூடிவிடும். நாற்பது புள்ளியும் அடைபட்டுவிடும். அதனால் போட்டு முடித்தவருக்குத் தப்பு சட்டென்று கண்ணில் படாது. ஆனால் இரண்டு வரிசைகளுக்கு நடுவே பாருங்கள். சரியான கணக்கில் மூன்று கம்பிகள் வெளிப்பக்கம் போகும், இரண்டு உள்பக்கம் வரும். போவது ஒவ்வொன்றும் வருவது இரண்டையும் வெட்டும். ஆக ஆறு வெட்டு. அந்தப் பின்னல்தான் இதழ் இதழாக விரிகிறது. உங்கள் தாளில் நாலே வெட்டுதான். பின்னல் தளர்ந்துவிட்டது. பூ மாதிரி ஏதோ ஒன்று வருகிறது, தாமரை வரவில்லை.

முந்நூறு பேர் பார்த்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்களில் யாரும் இதைச் சொல்லவில்லை. 81 வயதில், உங்கள் தாளைக் கையில் வாங்கி, கம்பி போகும் வழியெல்லாம் கூடவே போய், ஐந்தாம் புள்ளியில் நின்று ‘இங்கே தப்பிட்டே’ என்று சொன்னவர் ஒருவர்தான். அவரைப் பற்றி நீங்கள் எழுதியது மூன்றே வரி. அதிலும் ‘குறை சொல்வார்’, ‘எதையாவது சொல்லிக்கொண்டேதான் இருப்பார்’. கணவரின் அலட்சியத்தையும் புத்தகம் போட்டு விற்றவனின் திருட்டையும் எழுதிய அதே மூச்சில், உங்கள் துயரப் பட்டியலில் அவரையும் சேர்த்துவிட்டீர்கள்.

சகோதரி, உங்கள் கடிதத்தில் என்னைக் கோபப்படுத்தியது அந்த மூன்று வரிதான். யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை என்கிறீர்கள். தினமும் ஒருவர் சொல்கிறார். நீங்கள் எதிர்பார்த்த வார்த்தையாக அது இல்லை, அவ்வளவுதான். ‘சூப்பர்’ என்று கைகூப்பும் பொம்மையோடு ஒருவர் அனுப்பியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பீர்கள். அதை அனுப்ப அரை நொடி போதும், கோலத்தைப் பார்த்திருக்கக்கூடத் தேவையில்லை. உங்கள் மாமியார் செலவழித்த நேரம் அதைவிட எவ்வளவோ அதிகம்.

இன்னொன்று. தப்பான தாள் வெளியே போய் ஒரு வாரமாகிறது. திருத்தம் அனுப்பினீர்களா? கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை. அனுப்பவில்லை என்றுதான் நினைக்கிறேன். எங்கோ ஒரு பெண் வெள்ளிக்கிழமை பூஜை அறையில் உங்களை நம்பி அதைப் போட்டிருப்பார். ‘என் அம்மா போட்டால் இப்படி இருக்காதே’ என்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு போயிருப்பார். பிறருக்குக் கற்றுக்கொடுக்க முன்வந்தவருக்கு, கொடுத்தது சரியா என்று பார்க்கும் கடமை உண்டு. இலவசமாகக் கொடுத்தால் அந்தக் கடமை குறைந்துவிடாது. நன்றி வரவில்லை என்று கேட்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது.

நன்றி விஷயத்துக்கு வருகிறேன். இதே கடிதம் எனக்கு வேறு வேறு பெயர்களில் வந்துகொண்டேதான் இருக்கிறது. வயர் கூடை பின்னுவதில் சிவன் கண் கூடைக்கும் நெல்லிக்காய் கூடைக்கும் ஒவ்வொரு முடிச்சாகப் படம் எடுத்துக் காட்டும் பெண் எழுதுகிறார். பார்வையற்றவர்களுக்காகக் கதைகளை வாசித்துப் பதிவு செய்யும் ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதுகிறார். பழைய நூல்களைத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, எல்லாரும் படிக்கக் கொடுப்பவர்கள் எழுதுகிறார்கள். பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலில் தொடங்கியதிலிருந்து இப்படிக் கூலியில்லாமல் உழைத்தவர்கள் எத்தனையோ பேர். சங்கப் பாடல் ஒன்றை அவசரத்துக்குத் தேடி எடுக்கும் நாம், அதை யார் உட்கார்ந்து அடித்தார் என்று பார்ப்பதுண்டா? நன்றி வரும், பொறுத்திருங்கள் என்று இவர்கள் யாருக்கும் நான் எழுதியதில்லை. உங்களுக்கும் எழுத மாட்டேன். பெரும்பாலும் வராது.

உங்கள் கோலத்தை எடுப்பவர் அதை எப்போது எடுக்கிறார்? விடியற்காலை, வாசல் தெளித்துவிட்டு, ஒரு கையில் போனும் இன்னொரு கையில் கோலப்பொடியுமாக. போட்டு முடித்ததும் உள்ளே குக்கர், பிள்ளைக்கு டிபன் டப்பா, பஸ். அவரிடம் நன்றி இல்லாமல் இல்லை. அதைச் சொல்வதற்கென்று ஒரு நேரம் அவருடைய காலையில் கிடையாது.

கொடுத்தால் திரும்பி வர வேண்டும் என்றால் அதற்கு நம் ஊரில் மொய் இருக்கிறது. புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்து வைத்து, நோட்டுப் போட்டு எழுதுவார்கள். எழுதுகிறவருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். நேர்மையான ஏற்பாடு, நான் அதை மதிக்கிறேன். நீங்கள் ‘ஒன்றும் வேண்டாம்’ என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, மனசுக்குள் மட்டும் நோட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ஸ்டேட்டஸைத் திறந்து பெயர் பெயராகப் பார்ப்பதெல்லாம் அந்த நோட்டுதான். உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்பதே அந்த முந்நூறு பேருக்குத் தெரியாது. பணமாக வேண்டும் என்றால் வெளிப்படையாக விலை வையுங்கள், அதில் ஒரு வெட்கமும் இல்லை. இலவசம் என்றால் நோட்டை மூடிவிடுங்கள்.

நம் தெருக்களில் ஒரு கோலம் நன்றாக அமைந்தால் யாரும் பாராட்டுரை வாசித்ததில்லை. பால் வாங்கப் போகிறவர் நின்று, ‘எத்தனை புள்ளி? நேர்ப்புள்ளியா, ஊடுபுள்ளியா?’ என்று கேட்பார். ‘பதினஞ்சு, எட்டு வரைக்கும் ஊடுபுள்ளி’ என்றால் தலையாட்டிவிட்டுப் போவார். அடுத்த வெள்ளிக்கிழமை அதே கோலம் அவர் வீட்டு வாசலில் இருக்கும். கோலம் அறிந்தவர்கள் ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்ட மரியாதை அதுதான். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், அவர்களோடு கமலா கிருத்திவாசனும், 1974இல் கோலத்தைக் கணினி இலக்கணமாக எழுதிக் கட்டுரை வெளியிட்டார்கள். உலகத்தின் கணித அறிஞர்கள் கோலத்தைத் திரும்பிப் பார்க்க அது ஒரு பெரிய காரணம். ‘அழகாக இருக்கிறது’ என்று சொல்லிவிட்டுப் போகாமல், எந்த விதிப்படி இது வளர்கிறது என்று உட்கார்ந்து பார்த்தார்கள். உங்கள் வீட்டில் அந்தப் பார்வை உள்ளவர் ஒருவர் இருக்கிறார். நீங்கள் ஊரெல்லாம் தேடிக்கொண்டிருக்கிறீர்கள்.

அவர் பேச்சு கடுமையாக இருக்கலாம். மாமியார் வாயிலிருந்து வந்தால் திருத்தம்கூடக் குத்தலாகத்தான் கேட்கும். பல வருடத்துப் பழைய கணக்கு உங்கள் இருவருக்கும் நடுவே இருக்கலாம். கொடுமைப்படுத்திய மாமியார்களைப் பற்றி எனக்கு வராத கடிதம் இல்லை. அந்த மருமகள்களுக்கு நான் எழுதும் பதில் வேறு. உங்கள் கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை. தாளை வாங்கிப் பார்க்கிறார், தப்பைச் சொல்கிறார், அவ்வளவுதான். வீட்டில் மூத்தவர் ஒன்றைச் சொன்னால் நின்று கேட்பது மருமகளுக்கும் கடமை, மகனுக்கும் கடமை. இதில் நான் பழைய காலத்து ஆள்தான், மாறுவதாகவும் இல்லை. வயதானவருக்குச் சோறும் மாத்திரையும் நேரத்துக்குக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். தனக்குத் தெரிந்ததைக் கேட்க ஓர் ஆள் வேண்டும் என்பதும் அவர்களுக்குப் பசிதான்.

உங்கள் கணவருக்கும் ஒரு வார்த்தை. ‘உன்னை யார் கேட்டார்கள்?’ என்றாராமே. அவருடைய அம்மா தினமும் கேட்கிறார். அது தெரியாத அளவுக்கு அவர் எங்கே இருக்கிறார்? இந்தப் பக்கத்தை அவர் கையில் கொடுங்கள்.

உங்களுக்குக் கோலம் யார் சொல்லிக்கொடுத்தது என்று கடிதத்தில் எழுதவில்லை. அம்மாவா, பாட்டியா, இவரேதானா என்று நான் ஊகிக்கப் போவதில்லை. உங்களுக்குத் தெரியும். யாராக இருந்தாலும், அவருக்கு நீங்கள் எப்போது, என்ன சொன்னீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அதற்குப் பிறகு அந்த முந்நூறு பேர் மேல் கோபம் இருக்கிறதா என்று எனக்கு எழுதுங்கள்.

புத்தகம் போட்டு விற்றவன் செய்தது தப்பு. பரம்பரைக் கோலம் யாருக்கும் தனிச்சொத்து இல்லை, ஆனால் நீங்கள் வரைந்த படமும் எழுதிய விளக்கமும் உங்களுடையவை. 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி அதற்குப் பதிவுகூடத் தேவையில்லை. ஒரு பிரதியை வாங்கி வைத்துக்கொண்டு, அச்சகத்தின் பெயர் இருந்தால் அங்கே எழுத்தில் ஆட்சேபம் அனுப்புங்கள். இனிமேல் பெயரைத் தாளின் ஓரத்தில் போடாதீர்கள், ஓரத்தை வெட்டுவது சுலபம். கோலத்துக்கு நடுவே, புள்ளிகளுக்கிடையில் போடுங்கள். இதற்கு மேல் இந்த விஷயத்தில் மனசைச் செலவழிக்க வேண்டாம்.

நிறுத்தலாமா என்று கேட்டீர்கள். தினமும் போடுவதை நிறுத்துங்கள். தினம் ஒன்று என்ற அவசரத்தில்தான் ஐந்துக்கு அப்புறம் நாலு வந்தது. மார்கழி தவிர்த்த மாதங்களில் வாரத்துக்கு ஒன்று போதும். வரைந்ததை முதலில் மாமியாரிடம் கொடுங்கள். அவர் சரி என்று சொன்ன பிறகு வெளியே போகட்டும். அவருக்கு வாய்க்கணக்காகத் தெரிந்ததையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். எந்தக் கோலம், எத்தனை புள்ளி, எந்தப் பண்டிகைக்கு, யாரிடம் கற்றார் என்பதெல்லாம் இருக்கட்டும். 81 வயது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இதை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், நாளைக் காலை ஹிருதய கமலத்தைத் திருத்தி அனுப்புங்கள். போன வாரத் தாளில் தவறு இருந்தது, அதைக் கண்டுபிடித்தவர் என் மாமியார் என்று தெளிவாக எழுதுங்கள். அவர் பெயரைப் போடலாமா என்று அவரிடமே கேளுங்கள். அந்தத் தலைமுறைப் பெண்கள் பலர் ‘எனக்கெதுக்கும்மா பேரு’ என்பார்கள். அப்படிச் சொன்னால் ஒரு தடவையோடு விட்டுவிடாதீர்கள், இன்னொரு தடவை கேளுங்கள். அப்போதும் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.