நிறம் அட்டைக்குத்தான் டீச்சர், பிள்ளைக்கு இல்லை

கேள்வி: அஞ்செட்டி பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். ஐந்து வகுப்புக்கும் சேர்த்து இரண்டே பேர். ஓசூரில் ஒருவர் கொடுத்த பழைய ஆங்கில வாசிப்பு அட்டைப் பெட்டியைப் பார்த்துவிட்டு, தமிழில் நானே நிறம் நிறமாக அட்டை எழுதினேன், எளிதான சிவப்பில் தொடங்கிக் கடினமான ஊதா வரைக்கும். யார் எந்த நிறம் என்று சுவரில் சார்ட்டும் ஒட்டினேன். இப்போது பிள்ளைகள் அடுத்த நிறத்துக்குத் தாவுவதிலேயே குறியாக இருக்கிறார்கள். அட்டையின் கீழே உள்ள கேள்விக்கெல்லாம் விடை சரி, ஆனால் என்ன கதை என்று கேட்டால் முழிக்கிறார்கள். நாலாவது படிக்கும் ஒரு பையனுக்கு 'சிவப்பு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பெட்டியை மூட்டை கட்டி வைத்துவிடட்டுமா? (பெயர் வேண்டாம்)

பதில்: கட்டாதீர்கள் டீச்சர். இரண்டு பேர் ஐந்து வகுப்பைச் சமாளிக்கும் பள்ளிக்கு இதைவிடத் தோதான சாமான் கிடையாது. இந்த மாதிரிப் பெட்டிகளுக்கெல்லாம் மூத்தது எஸ்.ஆர்.ஏ. என்கிற நிறுவனத்தின் பெட்டி, அமெரிக்காவில் டான் பார்க்கர் என்பவர் உருவாக்கி 1957-ல் வெளிவந்தது. ஒரே வகுப்பில் ஒருத்தி முன்னே ஓட ஒருவன் பின்னே நிற்கும்போது எல்லோருக்கும் ஒரே பாடத்தை ஓதிக்கொண்டிருக்காமல், அவரவர் அட்டையை அவரவர் எடுத்துப் படித்து, விடைத்தாளை வைத்துத் தாங்களே திருத்தி, தங்கள் கணக்கைத் தாங்களே குறித்துக்கொள்ளட்டும் என்பதுதான் அதன் யோசனை. நமக்கும் இது புதிதில்லை. அட்டை வைத்துப் படிப்படியாகப் பாடம் நடந்த செயல்வழிக் கற்றல் காலத்து ஏணியும் அட்டையும் உங்கள் பள்ளி பீரோவிலேயே எங்காவது கிடக்கும். 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று படி. வாசிப்பு இயக்கப் புத்தகங்களில் நுழை, நட, ஓடு, பற. படி பிரிப்பதில் ஒரு தப்பும் இல்லை.

நிறம் அட்டையை விட்டு இறங்கிப் பிள்ளை மேல் ஏறிவிட்டது, வம்பு அங்கேதான். அந்தச் சுவர் சார்ட்டை இன்றைக்கே கழற்றுங்கள். யார் எந்த அட்டை வரை வந்திருக்கிறார்கள் என்பது உங்கள் நோட்டிலும் அந்தப் பிள்ளையின் நோட்டிலும் இருந்தால் போதும். வாரத்தில் ஒரு நாள் யார் வேண்டுமானாலும் எந்த நிறத்தையும் எடுக்கலாம் என்று விட்டுவிடுங்கள். ஊதாவில் இருக்கிறவளும் சிவப்பு அட்டை எடுத்துச் சிரித்துக்கொண்டு படிப்பாள், அதைப் பார்த்தாலே அந்தப் பட்டப்பெயரில் பாதி உதிர்ந்துவிடும்.

அடுத்து, கேள்விகள். விடை சரி, கதை தெரியவில்லை என்றால் பிள்ளையைச் சந்தேகப்படாதீர்கள், கேள்வியைச் சந்தேகப்படுங்கள். ஒரு அட்டை இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: "இரவு முழுக்கக் கர்நாடகத்தில் நல்ல மழை. காலையில் ஒகேனக்கல்லில் பரிசல்களைக் கரையில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். மீன் வறுக்கும் அக்கா அடுப்பே பற்றவைக்கவில்லை." கீழே 'பரிசல்களை எங்கே கவிழ்த்து வைத்திருந்தார்கள்?' என்று கேட்டால், பரிசல் என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளையும் அந்த வரியைத் தேடிக் 'கரையில்' என்று எழுதிவிடும். 'அக்கா ஏன் அடுப்பைப் பற்றவைக்கவில்லை?' என்று கேட்டுப் பாருங்கள். மேலே மழை பெய்தால் ஆற்றில் தண்ணீர் ஏறும், தண்ணீர் ஏறினால் பரிசல் விட மாட்டார்கள், பரிசல் இல்லையென்றால் சுற்றுலாக்காரர்கள் வர மாட்டார்கள், அப்புறம் மீனை யார் வாங்குவது? இதில் ஒன்றுகூட அட்டையில் எழுதப்படவில்லை. எழுதாததைச் சேர்த்துப் படிப்பதுதான் புரிதல். உங்கள் ஒவ்வொரு அட்டையிலும் இப்படி ஒரு 'ஏன்' இருக்க வேண்டும், அதற்கு விடைத்தாள் இருக்கக் கூடாது, உங்களிடம் வந்து வாயால்தான் சொல்ல வேண்டும். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் சண்டை போடட்டும், ரொம்ப நல்லது.

அந்த அட்டையை உங்கள் ஊர்ப் பிள்ளை சட்டென்று பிடித்துக்கொள்ளும், ஆறே பார்க்காத ஊர்ப் பிள்ளை திணறும், இரண்டும் ஒரே நிறத்தில் இருந்தாலும். 1988-ல் ரெக்ட், லெஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் 64 மாணவர்களிடம் ஒரு பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய பகுதியைக் கொடுத்துப் பார்த்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். ஆகவே ஒரு பிள்ளைக்கு ஒரே நிறம் என்பதே கிடையாது. உங்கள் 'சிவப்பு'ப் பையனிடம் ஆடு மேய்ப்பதைப் பற்றியோ எருது விடும் விழாவைப் பற்றியோ இரண்டு படி மேலே உள்ள அட்டையைக் கொடுத்துப் பாருங்கள். தெரியாத விஷயத்தைப் படிக்க வைக்க வேண்டுமென்றால் முதலில் அதைப் பேச வேண்டும். தினமும் கால் மணி நேரம், அவர்கள் படிக்கும் மட்டத்துக்கு மேலான ஒன்றை நீங்களே வாசித்துக் காட்டுங்கள். பெட்டி அந்த வேலையைச் செய்யாது.

நீங்கள் எழுதாத இன்னொன்றையும் ஊரை வைத்து ஊகிக்கிறேன். உங்கள் வகுப்பில் வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசுகிற பிள்ளைகள் கணிசமாக இருப்பார்கள். தமிழில் எழுத்துக் கூட்டத் தெரிந்துவிட்டால் அர்த்தம் தெரியாமலே ஒரு பக்கத்தைக் கணீரென்று படித்துவிடலாம், கேட்கிற நமக்கும் 'பரவாயில்லையே' என்று தோன்றிவிடும். நூறு சொல்லில் பத்துக்கு மேல் தவறினால் அந்தப் படி கடினம் என்று ஆங்கிலத்தில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள், அதை மட்டும் நம்பி இங்கே நிறம் மாற்றினால் ஏமாந்துபோவோம். படித்ததை மூடிவைத்துவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். கன்னடத்தில் சொன்னாலும் சரி, உங்களுக்கு அது தெரியாவிட்டால் பக்கத்துப் பிள்ளை தமிழில் சொல்லட்டும். புரிந்திருக்கிறது, தமிழ்தான் வரவில்லை என்றால் அது வேறு பிரச்சினை, அதற்காகப் பிள்ளையைப் பழைய நிறத்திலேயே நிறுத்தாதீர்கள். ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே கதை தமிழிலும் கன்னடத்திலும் கிடைக்கும், நான்கு படிகளாகப் பிரித்தும் வைத்திருக்கிறார்கள், இலவசம், அச்செடுத்துக்கொள்ளலாம்.

அட்டைகளைப் படி பிரித்த விதத்தையும் ஒருமுறை பாருங்கள். ஆங்கிலப் பெட்டியைப் பார்த்து நீங்களும் சொற்களை எண்ணியிருந்தால் அது தமிழுக்கு ஒத்துவராது. 'போய்க்கொண்டிருந்தவர்களிடமிருந்து' என்பது நமக்கு ஒரே சொல், பத்துக் குட்டிச் சொற்களைவிடக் கனம். வாக்கியம் நீளமாக இருந்தாலே கடினம் என்றும் சொல்ல முடியாது. 'பாட்டி எழுந்து, அடுப்பு மூட்டி, களி கிண்டி, எங்களைக் கூப்பிட்டாள்' என்பதை ரெண்டாவது படிக்கிற பிள்ளையும் பிடித்துக்கொள்ளும், நடந்த வரிசையிலேயே போகிறது. 'அண்ணன் சந்தையில் வாங்கிய ஆட்டை மேய்க்கப் போன தாத்தா' குட்டையானதுதான், ஆனால் யார் போனது என்று கடைசி வரை காத்திருக்க வேண்டும், அதனால் அது மேல் நிறத்துக்குப் போகட்டும். 'சென்றனர்', 'கூறினார்' மாதிரி வீட்டில் யாரும் சொல்லாத சொற்களையும் முதல் இரண்டு நிறங்களில் குறையுங்கள். மற்றபடி எத்தனை நிறம், எத்தனை அட்டை என்பதெல்லாம் உங்கள் வசதி.

ஒரு சின்ன விஷயம். பையன்களில் சிலருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது, அவர்களாகச் சொல்லவும் மாட்டார்கள். அட்டையின் மூலையில் நிறத்தோடு மயில், யானை, மாங்காய் என்று ஒரு படமும் போட்டுவிடுங்கள். லேமினேஷனுக்குச் செலவழிக்காதீர்கள், அகலமான செல்லோ டேப் போதும்.