மூடியைத் திறந்து பார்த்தீர்களா?

கேள்வி: ஆரம்ப விலையில் ஒரு மின்சார கார் வாங்கினேன். 230 கிலோமீட்டர் ஓடும் என்றார்கள், 150-ஐத் தாண்டவில்லை. நெடுஞ்சாலையில் 100 வேகத்தில்தான் போகிறேன். கோளாறா?

பதில்: காரில் கோளாறு இல்லை. அந்த 230, சோதனைக்கூடத்தில் உருளைகள் மேல் ஏசி போடாமல் ஓட்டி எடுத்த கணக்கு. 60-ல் போவதைவிட 100-ல் போகும்போது காற்றுத் தடை கிட்டத்தட்ட 2.8 மடங்கு. 80-க்கு இறங்கிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

கேள்வி: இருப்பதிலேயே விலை குறைந்த வேரியண்ட் எடுத்தேன். ஃபாஸ்ட் சார்ஜரின் பிளக் என் காரில் சேரவே இல்லை. தனியாக மாட்டித் தருவார்களா?

பதில்: மாட்டார்கள். அந்த வேரியண்டில் ஃபாஸ்ட் சார்ஜருக்கான துளையே இல்லை. பணம் கட்டும் முன் சார்ஜிங் மூடியைத் திறந்து பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

கேள்வி: பழைய மின்சார கார் வாங்கினேன். விற்றவர் திரையில் 190 கி.மீ. காட்டினார். முழு சார்ஜ் போட்டும் 110-ல் படுத்துவிடுகிறது. 'பேட்டரி பக்கா கண்டிஷன்' என்றவர் இப்போது போனை எடுப்பதில்லை.

பதில்: உங்களைக் குறை சொல்ல மாட்டேன். திரையில் வரும் கிலோமீட்டர் வெறும் உத்தேசம். கடைசியாக எப்படி ஓட்டினார்களோ அதை வைத்து கார் போடும் கணக்கு அது. விற்பதற்கு முன் நாலு நாள் ஏசி இல்லாமல் மெதுவாக உருட்டினால் போதும், எண் ஏறிவிடும். விவரம் தெரிந்தவர் தெரியாதவரிடம் காட்டிய வேலை.

இப்போது சர்வீஸ் சென்டரில் பேட்டரி ஆரோக்கிய அறிக்கையை எழுத்தில் வாங்குங்கள். புதிதில் இருந்த கொள்ளளவில் எத்தனை சதவீதம் மிச்சம் என்று அதில் இருக்கும். பல நிறுவனங்கள் 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ., எது முதலில் வருகிறதோ அதுவரை, 70 சதவீதத்துக்குக் கீழே போனால் பொறுப்பேற்கின்றன. இரண்டாவது கைக்கு அது தொடருமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், வாரண்டி புத்தகத்தைப் பாருங்கள். விளம்பரம், குறுஞ்செய்தி எதையும் அழிக்காதீர்கள். விற்றவர் வியாபாரி என்றால் நுகர்வோர் புகார் கொடுக்க அவைதான் கைகொடுக்கும்.

கேள்வி: எக்ஸ்டென்ஷன் பாக்ஸில்தான் சார்ஜ் போடுகிறேன். பிளக் கொஞ்சம் சுடுகிறது. பரவாயில்லையா?

பதில்: பரவாயில்லையாவது! இன்றே நிறுத்துங்கள். அயர்ன் பாக்ஸ் விட்டு விட்டுத்தான் கரண்ட் இழுக்கும். கார் 15 ஆம்பியர் வரை ஏழெட்டு மணி நேரம் விடாமல் இழுக்கும். தள்ளுபடியில் நான் வாங்கிய பாக்ஸ் ஒன்று இன்னும் வீட்டில் கிடக்கிறது. முதுகில் '16 ஆம்பியர்' என்று கொட்டை எழுத்து, உள்ளே மெலிந்த கம்பி, பிளக் ஓட்டையைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறி உப்பியிருக்கிறது. சுவரில் தனி லைன், நல்ல எர்த், தனி பிரேக்கர். இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

கேள்வி: வெளியே சார்ஜ் போட எந்த ஆப் நல்லது?

பதில்: ஆப் எதற்கு என்று முதலில் கேளுங்கள். பெட்ரோல் போட வருகிறவரிடம் 'போன் நம்பர் கொடு, ஓடிபி சொல், முதலில் வாலட்டில் பணம் போடு' என்று எந்த பங்க்கிலாவது சொல்வார்களா? இங்கே மட்டும் சொல்கிறார்கள். பத்து யூனிட் போதும் என்றாலும் அவர்கள் வைத்த குறைந்தபட்சத் தொகையை ஏற்றியாக வேண்டும். பணம் உள்ளே போன பிறகுதான் 'சார்ஜர் ஆஃப்லைன்' என்று திரை சொல்லும். அடுத்த நிலையத்துக்குப் போனால் அது வேறு கம்பெனி, வேறு ஆப், வேறு வாலட். மிச்சத்தைத் திருப்பிக் கேட்டால் விதிமுறைகளைப் படிக்கச் சொல்வார்கள். கடையை மூடிவிட்டுப் போன ஒரு கம்பெனியின் ஆப் என் போனில் இருக்கிறது, என் பணமும் அதில் இருக்கிறது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஏப்ரலுக்குப் பிறகு பொது இடத்தில் புதிதாக வைக்கும் 50 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள சார்ஜர்கள் வங்கி அட்டையை ஏற்றே ஆக வேண்டும். சட்டம் போட்டதும் செய்கிறார்கள் அல்லவா? இங்கேயும் அப்படி ஆகும்வரை நீங்கள் அடிக்கடி போகும் பாதையில் எது இருக்கிறதோ அந்த ஆப் மட்டும், அதிலும் குறைந்தபட்சப் பணம் மட்டும். அப்புறம், 80 சதவீதம் வந்ததும் கிளம்புங்கள். அதற்கு மேல் வேகம் சரிந்துவிடும், பின்னால் ஒருவர் காத்திருப்பார்.

கேள்வி: இரண்டு வாரம் நிறுத்தி வைத்த கார் உயிரே வரவில்லை. பேட்டரியில் 60 சதவீதம் இருந்ததே?

பதில்: பெரிய பேட்டரி நன்றாகத்தான் இருக்கும். காரை எழுப்புவது 12 வோல்ட் சின்ன பேட்டரி. அதைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மின்சார காருக்குப் பராமரிப்புச் செலவே கிடையாது என்கிறார் சேல்ஸ்மேன். நம்பலாமா?

பதில்: எஞ்சின் ஆயில் செலவு இல்லை. டயர், பிரேக் ஆயில், கூலன்ட், ஏசி ஃபில்டர் எல்லாம் அவரா வாங்கித் தருவார்?