பாட்டி, நாய், ஒரு கொலை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, எனக்கு 63 வயசு. எங்க வீட்டு நாய் 14 வருஷம் எங்ககூட இருந்துட்டு போன மாசம் தான் போச்சு. மனசு சரியில்லாம இருக்கேன்னு என் மக டேப்லெட்ல நாலஞ்சு இங்கிலீஷ் கோஸி மிஸ்டரி போட்டுக் குடுத்தா, வயசான ஒரு அம்மாவும் அவங்க நாயும் சேந்து துப்பு துலக்கற கதைங்க. ஆசையா ஆரம்பிக்கறேன், பாதியில அந்த நாய்க்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயந்து மூடிடறேன். தைரியமா படிக்கலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: படிங்கம்மா. 14 வருஷம்னா சும்மா இல்ல, உங்க பயம் எனக்கு நல்லாவே புரியுது. இந்த வகை கதை எழுதறவங்க கிட்டத்தட்ட எல்லாருமே காப்பாத்தற ஒரு பழக்கம் இருக்கு, மனுஷங்க சாவாங்க ஆனா நாயையும் பூனையையும் தொட மாட்டாங்க. கொலை கூட நம்ம கண்ணு முன்னாடி நடக்காது, ரத்தத்த விவரிச்சு எழுத மாட்டாங்க, ஒரு சின்ன ஊரு, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், கடைசியில யாரு செஞ்சாங்கன்னு தெரிஞ்சு ஊரு பழையபடி ஆயிடும். அமெரிக்காவுல இந்த மாதிரி கதைங்களுக்குன்னே 1989லேருந்து அகதா அவார்ட்னு ஒண்ணு குடுக்கறாங்க, அதுக்குப் பரிசா குடுக்கறது ஒரு டீ பாட்! அத வச்சே இந்த கதைங்களோட மனசு என்னன்னு தெரிஞ்சுக்கலாம்.

அந்த அவார்டுக்குப் பேர் குடுத்த, துப்பறியும் கதை எழுதின இங்கிலாந்து எழுத்தாளர் அகதா கிறிஸ்டிக்கே பீட்டர்னு ஒரு டெரியர் நாய் இருந்துச்சு. 1937ல வந்த டம்ப் விட்னஸ் நாவல அவங்க எந்த மனுஷனுக்கும் சமர்ப்பணம் பண்ணல, பீட்டருக்குத் தான் பண்ணாங்க, ஆயிரத்துல ஒரு நாய்னு எழுதி. நீங்க அத படிச்சா கண்டிப்பா அழுவீங்க, ஆனா அந்த அழுகை நல்லது தான்னு நான் நெனைக்கறேன். அப்பவும் பயம் போகலன்னா மகள கடைசி அத்தியாயத்த மொதல்ல படிக்கச் சொல்லி நாய் நல்லா இருக்கா இல்லையான்னு மட்டும் கேட்டுக்கங்க, கொலைகாரன் பேர மட்டும் சொல்ல வேணாம்னு சொல்லிடுங்க.

கேள்வி: அகதா கிறிஸ்டி கதையில துப்பு துலக்கற பாட்டி மிஸ் மார்ப்பிள் கூட ஒரு நாய் இருக்கும்னு என் ஃப்ரெண்டு அடிச்சு சொல்றா, எந்த புக்ல?
– காலேஜ் மாணவி, சேலம்

பதில்: அவங்களோட நாய்னு ஒண்ணு இல்லம்மா. மார்ப்பிள்னா தோட்டம், கம்பளி பின்னற ஊசி, பறவை பாக்கறேன்னு சொல்லிட்டு கையில ஒரு பைனாகுலர், அவ்ளோதான். உங்க ஃப்ரெண்டு மேல சொன்ன டம்ப் விட்னஸ நெனச்சுட்டு இருக்கலாம், அதுல ஒரு வயசான அம்மாவும் பாப்ங்கற டெரியரும் வருவாங்க, ஆனா துப்பு துலக்கறது கிறிஸ்டியோட இன்னொரு துப்பறிவாளர் பொய்ரோ.

கேள்வி: நான் 30 வருஷம் போலீஸ்ல இருந்து ரிட்டையர் ஆனவன். என் வீட்டுக்காரம்மா இந்த கதைங்களா படிக்கறாங்க. 70 வயசு பாட்டி நாயக் கூட்டிட்டு வாக்கிங் போயே கேஸ முடிக்கறாங்களாம், இன்ஸ்பெக்டர் வாயப் பொளந்து நிக்கறாராம். இத எப்படி நம்பறது?
– வாசகர், மதுரை

பதில்: ஐயா, நிஜத்துல கேஸ முடிக்கறது உங்கள மாதிரி ஆளுங்க தான், அதுல எனக்கு ரெண்டாவது கருத்தே இல்ல. ஆனா அந்த பாட்டிங்க ஜெயிக்கற காரணத்த மட்டும் கொஞ்சம் கேளுங்க. 1897லயே அமெரிக்காவுல அன்னா கேத்தரின் கிரீன்ங்கற எழுத்தாளர், அமெலியா பட்டர்வொர்த்னு கல்யாணமாகாத ஒரு அம்மாவ துப்பறிய வச்சுட்டாங்க, மார்ப்பிள் வந்தது அதுக்கு 30 வருஷம் கழிச்சு 1927ல தான். கிறிஸ்டியே தன் சுயசரிதையில மார்ப்பிள் பொறக்கும்போதே 65, 70 வயசுன்னு சொல்லியிருக்காங்க. ஏன் இவ்ளோ வயசுன்னா, அந்த வயசு பொம்பள ரூமுக்குள்ள இருந்தா யாரும் பேச்ச நிறுத்த மாட்டாங்க. நீங்க காக்கிச் சட்டையோட உள்ள போனா எல்லாரும் உஷாராயிடுவாங்க இல்லையா, அவங்க உக்காந்து பின்னிட்டு இருந்தா ஒருத்தரும் கண்டுக்க மாட்டாங்க, எல்லாம் காதுல விழும். வயசான பொம்பளைங்கள யாரும் கவனிக்கறதில்லங்கறது ரொம்ப வருத்தமான விஷயம், அந்த வருத்தத்தயே இந்த கதைங்க அவங்களோட பலமா மாத்துது, எனக்கு இந்த கதைங்க மேல இவ்ளோ பிரியம் வந்ததே அதனால தான்.

இப்ப நாய் எதுக்குன்னா, இங்கிலாந்துல பப்ளிக் ஃபுட்பாத்னு ஒண்ணு இருக்கு, நம்ம ஊர் ரோட்டோர நடைபாதை இல்ல, தனியார் வயல், பண்ணை நடுவுலயே போற ஒத்தையடிப் பாதை, அது யாரு நிலமா இருந்தாலும் அதுல நடக்க ஜனங்களுக்கு சட்டப்படி உரிமை உண்டு, நாயயும் கட்டுப்பாட்டுல வச்சுக் கூட்டிட்டுப் போலாம். அப்ப சந்தேகப்படற ஆளோட கொல்லைப்பக்கம் வரைக்கும் தினம் காலையிலயும் சாயங்காலமும் வாரண்ட் இல்லாம போக முடியற ஒரே ஆளு யாரு? நாய் வச்சிருக்கற அந்த அம்மா தான். தினம் அதே வழி, அதே நேரம். எதிர் வீட்டு வாசல்ல வச்ச பால் பாட்டில் பத்து மணி வரைக்கும் எடுக்காம இருந்தா அவங்களுக்குத் தான் மொதல்ல உறுத்தும். நீங்க பீட் போன காலத்துல ஒரு தெருவ தெரிஞ்சு வச்சிருப்பீங்களே, அதே தாங்க ஐயா.

கேள்வி: அக்கா, இங்கிலாந்து கிராமத்துல நடக்கற மாதிரி ஒரு கோஸி கதை எழுதறேன். 74 வயசு பாட்டி, அவங்க ஜெர்மன் ஷெப்பர்ட் மோப்பம் புடிச்சு கொலைகாரன் வீட்டு வாசல்லயே போய் நின்னு குரைக்குது, அவன் ஒத்துக்கறான். என் தம்பிக்கு புடிக்கல. எங்க தப்பு?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தம்பிக்கு புடிக்காததுல நியாயம் இருக்கு. மொதல்ல நாய மாத்துங்க, 74 வயசுல ஜெர்மன் ஷெப்பர்ட் ஒரு இழுப்பு இழுத்தா பாட்டி கீழ விழுந்து இடுப்பு போயிடும். ஃபாக்ஸ் டெரியர் வைங்க, நரிய வளைக்குள்ள போய் வெரட்டறதுக்குன்னே வளத்த ஜாதி அது, தோண்டறது அதோட ரத்தத்துலயே இருக்கு, பூச்செடிக்கு அடியில எவனாவது ஒண்ண பொதச்சிருந்தா அது தோண்டறதுல ஒரு அதிசயமும் இல்ல, படிக்கறவங்களும் நம்புவாங்க.

ரெண்டாவது, நாய் குரைச்சா அது சாட்சி ஆகாது. நாயக் கூண்டுல ஏத்தி குறுக்கு விசாரணை பண்ண முடியாதேன்னு நம்ம சுப்ரீம் கோர்ட்டே மோப்ப நாய் சாட்சியத்துல இருக்கற இந்த சிக்கலப் பத்தி பேசியிருக்கு. அதனால நாய் கண்டுபிடிக்கக் கூடாது, நாயோட பழக்கத்த பாத்து பாட்டி கண்டுபிடிக்கணும். 1892ல வந்த ஷெர்லாக் ஹோம்ஸ் கதை ஒண்ணுல, ராத்திரி லாயத்துலேருந்து பந்தயக் குதிரைய ஒருத்தர் வெளிய கூட்டிட்டுப் போறார், அங்க இருந்த நாய் குரைக்கவே இல்ல, அப்ப வந்தவர் அதுக்கு நல்லா பழக்கமானவர். எவ்ளோ சின்ன விஷயம், ஆனா நாய் வளத்த யாருமே அடடான்னு சொல்லுவாங்க. டம்ப் விட்னஸ்லயும் பாருங்க, அந்த அம்மா மாடிப்படியிலேருந்து விழுந்துடறாங்க, நாய் விட்டுட்டுப் போன பந்து தான் காரணம்னு வீடே சொல்லுது, ஏன்னா பந்த மாடிப்படி மேல விட்டுட்டுப் போறது அதோட வழக்கம். அந்த அம்மாவுக்கு மட்டும் அது சரியா படல. அதுக்கு மேல சொன்னா நீங்க படிக்கற சுகம் போயிடும்.

உங்க பாட்டியோட நாய்க்கும் இப்படி ஒரு பழக்கம் மட்டும் யோசிங்க. தினம் அஞ்சு மணிக்கு யாரு வீட்டு கேட் கிட்ட வால ஆட்டிட்டு நிக்கும், அந்த வீட்டுல யாரு அதுக்கு பிஸ்கட் போடுவாங்க, இத மொத அத்தியாயத்துலயே போற போக்குல சொல்லிடுங்க. கொலை நடந்த மறுநாள் அது அந்த கேட்ட திரும்பிக்கூட பாக்காம போகட்டும். எழுதி முடிச்சதும் அனுப்புங்க, நான் படிக்கறேன்.