இத்தாலியில் ஜூலை மாதம் குழந்தையோடு கடற்கரைக்குப் போக எந்த இடம் நல்லது?

கேள்வியின் விவரம் இது: கையில் 8 நாள், கூட 6 வயதுப் பிள்ளை. சிங்குவே தெர்ரே, அமால்ஃபி, ரிமினி மூன்றில் எது, அல்லது அவற்றைவிட நல்லது உண்டா?

பிள்ளை நாள் முழுக்கத் தண்ணீரில் கிடக்க வேண்டும் என்றால் ரிமினி. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும், வாடகைக் கார் ஓட்டவும் தயார் என்றால் தெற்கே சலெந்தோ. சிங்குவே தெர்ரேயும் அமால்ஃபியும் ஊர் பார்க்கப் போகும் இடங்கள். அங்கே கடலில் இறங்க முடிந்தால் அது உபரி லாபம்.

இணையத்தில் வரும் படங்கள் பெரும்பாலும் மேலிருந்து எடுத்தவை. காலடியில் என்ன இருக்கிறது என்பது அதில் தெரியாது. சிங்குவே தெர்ரே இருக்கும் லிகூரியாவிலும் அமால்ஃபியிலும் மலை நேராகக் கடலில் இறங்குகிறது. அதனால் கரை என்பது பெரும்பாலும் கூழாங்கல்தான், நாலு எட்டு வைத்தால் ஆழம். அமால்ஃபி கரையில் உள்ள பொசித்தானோ ஊரின் பெரிய கடற்கரையே சாம்பல் நிறக் கல்தான். வெறுங்காலோடு நடந்தால் நண்பகலில் பாதம் பொத்துப்போகும். அமால்ஃபி பக்கம் போயே ஆகவேண்டும் என்றால் மயோரியில் தங்குங்கள். அந்தக் கரையிலேயே நீளமான கடற்கரை அதுதான், சலேர்னோவிலிருந்து படகும் உண்டு. கோடையில் அந்த மலைச்சாலைப் பேருந்தில் பிள்ளையையும் பையையும் வைத்துக்கொண்டு நின்றபடி போவதைவிடப் படகு எவ்வளவோ மேல்.

சிங்குவே தெர்ரேயின் ஐந்து ஊர்களில் சொல்லிக்கொள்ளும்படி மணல் இருப்பது மொன்தெரோஸ்ஸோவில் மட்டும். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து சாலையைக் கடந்தால் ஃபெஜீனா கடற்கரை. ஆனால் அதில் பெரும்பகுதி கட்டணக் குடைகள், இலவசப் பகுதி சிறு துண்டுகள்தான். வெர்னாட்ஸாவில் துறைமுகத்தை ஒட்டி ஒரு கைப்பிடி மணல், ரியோமஜ்ஜோரேயில் உருண்டைக் கற்கள். மனரோலாவில் கடற்கரையே கிடையாது, பாறையிலிருந்து குதிப்பார்கள். கொர்னீலியா மலை உச்சியில் இருக்கிறது, ரயில் நிலையத்திலிருந்து ஊருக்கு ஏற 380 படிகள் அளவில் உண்டு. குளிக்கவும் வேண்டும், ஊர்களும் பார்க்க வேண்டும் என்றால் மொன்தெரோஸ்ஸோவுக்கு அடுத்த நிறுத்தமான லெவாந்தோவில் அறை எடுங்கள். அகலமான கடற்கரை, ஐந்தாறு நிமிட ரயில் பயணம். அங்கே அலை எழும் நாளும் உண்டு, அலைச்சறுக்குக்காரர்கள் அதற்காகவே வருவார்கள். அந்த நாளில் பிள்ளையை இறக்காதீர்கள்.

ரிமினியின் கதையே வேறு. 'போ' என்ற பெயருள்ள ஆறும் மற்ற ஆறுகளும் கொண்டுவந்து கொட்டிய வண்டல்தான் அந்தக் கடற்கரை. மணல் மாவு மாதிரி, வெகுதூரம் உள்ளே நடந்தாலும் இடுப்பளவுதான் தண்ணீர். பல இடங்களில் கரைக்கு இணையாக அலைத்தடுப்புக் கற்களும் போட்டிருப்பதால் உள்ளே குளம் மாதிரி கிடக்கும். அதே வண்டல்தான் நீரைப் பச்சையாகவும் கலங்கலாகவும் காட்டுகிறது. "அழுக்கு" என்று பலர் எழுதுவது பெரும்பாலும் இதைப் பார்த்துத்தான். பொலோஞ்ஞாவிலிருந்து ரயிலில் சுமார் ஒரு மணி நேரம், கார் தேவையில்லை.

அங்கே கடற்கரை முழுவதும் எண் போட்ட கட்டணப் பகுதிகளாகப் பிரிந்திருக்கும். "பான்யோ" என்பார்கள், வேறு ஊர்களில் "லீதோ". ஒரு குடை, இரண்டு சாய்வுக் கட்டில் சேர்ந்ததுதான் ஒரு அலகு. ரிமினியில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 முதல் 35 யூரோ ஆகும். அமால்ஃபி பக்கம் அதைப்போல் இருமடங்கு கேட்டாலும் வியப்பில்லை. முதல் வரிசைக்கு விலை அதிகம், பின்னால் போகப் போகக் குறையும். பிள்ளையைக் கண்பார்வையில் வைத்திருக்க வேண்டியவர்கள் இரண்டாம் மூன்றாம் வரிசைக்குள் கேளுங்கள். எட்டாம் வரிசையிலிருந்து தண்ணீர் தெரியாது, குடைகள்தான் தெரியும். விடுதி பதிவு செய்யும்போது எந்த எண் பான்யோவோடு அவர்களுக்கு ஒப்பந்தம், குடை அறை வாடகையில் சேர்ந்ததா என்று கேட்டுவிடுங்கள். பிற்பகலில் போனால் பல இடங்களில் அரைநாள் கட்டணம் உண்டு.

இலவசக் கடற்கரைக்கு "ஸ்பியாஜ்ஜா லீபெரா" என்று பெயர். குடை, பாய், தண்ணீர் எல்லாம் நீங்களே கொண்டுபோக வேண்டும், கழிப்பறை இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். முதல் நாள் இரவே குடையை நட்டு இடம் பிடித்து வைத்தால் கடலோரக் காவல் படை அள்ளிக்கொண்டு போகும், அபராதமும் விழலாம். நீர் விளிம்பை ஒட்டிய கடைசி 5 மீட்டர் எங்கும் பொதுவழி. லீதோவின் முன்னால்கூட நடக்கலாம், குளிக்க இறங்கலாம். அதற்காகப் போய்வர வழிவிட மறுக்க அவர்களுக்கு உரிமையில்லை. ஆனால் அந்த 5 மீட்டரில் துண்டு விரித்து உட்கார முடியாது, மீட்புப் பணிக்காகக் காலியாக விடவேண்டிய இடம் அது.

சலெந்தோ என்பது காலணி வடிவிலுள்ள இத்தாலியின் குதிகால் பகுதி. கிழக்கே அத்ரியாத்திக், மேற்கே அயோனியக் கடல். லெச்சே நகரம் நடுவில் இருக்கிறது, கிழக்கே ஓத்ரந்தோவுக்கும் மேற்கே கல்லிப்போலிக்கும் அங்கிருந்து 40, 45 கிலோமீட்டர்தான். அங்கே எந்தக் கடற்கரைக்குப் போவது என்று முந்தின வாரமே முடிவு செய்வது வீண். காற்றைப் பார்த்துக் காலையில்தான் முடிவு செய்ய வேண்டும், உள்ளூர்க்காரர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். ட்ரமொந்தானா, அதாவது வடக்கிலிருந்து வரும் வாடைக்காற்று வீசினால் கிழக்குக் கரை கொந்தளிக்கும், மேற்கே போர்த்தோ சேசாரேயோவிலும் பெஸ்கோலூசேயிலும் கடல் பாய் விரித்த மாதிரி கிடக்கும். ஷிரோக்கோ என்கிற தென்கிழக்குக் காற்று வீசினால் தலைகீழ்: மேற்கில் அலையும் புழுக்கமும், கிழக்கே தோர்ரே தெல்லோர்சோ, பாயா தேய் துர்க்கி பக்கம் நிதானம். காற்று காட்டும் செயலி எதையாவது திறந்து அம்புக்குறியைப் பாருங்கள். அம்பு கடலிலிருந்து கரையை நோக்கினால் அன்றைக்கு அந்தப் பக்கம் வேண்டாம்.

கரையிலிருந்து கடலுக்குள் வீசும் நாளில் தண்ணீர் அழகாகத்தான் இருக்கும், அதில்தான் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. காற்றடைத்த மெத்தை, அன்னம், வாத்து வகையறா எல்லாம் சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். பிள்ளை அதன்மேல் இருந்தால் கேட்கவே வேண்டாம். அன்றைக்கு அவற்றை ஊதவே ஊதாதீர்கள். துரத்தி நீந்திப் போவதும் வேண்டாம், கடற்கரையின் உயிர்காப்பாளரைக் கூப்பிடுங்கள். சிவப்புக் கொடி பறந்தால் குளிக்கக்கூடாது என்று பொருள். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படையின் எண் 1530.

சலெந்தோவின் குறை, கார் இல்லாவிட்டால் இந்தக் காற்றுக் கணக்கு செல்லாது. கோடைப் பேருந்துகள் ஓடினாலும் காலையில் மனம் மாறிப் பக்கம் மாற அவை உதவாது. கார் நிறுத்தும்போது வெள்ளைக் கோடு இலவசம், நீலம் கட்டணம், மஞ்சள் உங்களுக்கில்லை.

சார்தீனியாத் தீவின் நீரை மிஞ்ச இத்தாலியில் ஆளில்லை, ஆனால் கட்டுப்பாடு அதிகம். ஸ்டிந்தீனோவின் லா பெலோசா கடற்கரையில் கோடையில் நாளுக்கு 1,500 பேர்தான், முன்பதிவும் கட்டணமும் உண்டு, துண்டுக்கு அடியில் பாய் கட்டாயம். ஈரத்துண்டோடு மணல் போய்விடுகிறது என்பதே காரணம். கலா கொலொரித்சேயில் 250 பேர். மலைமேலிருந்து மூன்றரைக் கிலோமீட்டர் இறங்கி, வெயிலில் திரும்ப ஏற வேண்டும். 6 வயதுக்கு அது வேண்டாம். நினைவுக்கு என்று புட்டியில் மணல் அள்ளினால் 500 முதல் 3,000 யூரோ வரை அபராதம்.

சிசிலிக்குப் போனால் பலெர்மோவின் மொந்தெல்லோ பிள்ளைகளுக்குத் தோதானது, வெண்மணலும் ஆழமில்லாத நீரும். அதன் பக்கத்தில் நிற்கும் பெல்லெக்ரீனோ மலையில் உள்ள சாந்தா ரொசாலியா என்ற கத்தோலிக்கப் புனிதையின் கோயிலுக்கு அந்நகரில் வாழும் ஈழத்தமிழர்கள் மதவேறுபாடில்லாமல் போய்வருகிறார்கள்.

நீரின் தரத்துக்கு நீலக்கொடி என்ற கடற்கரைச் சான்றை மட்டும் நம்ப வேண்டாம். குப்பை மேலாண்மை, வசதிகள் எல்லாம் சேர்த்துப் பார்த்துத் தருவது அது. விண்ணப்பிக்காத நல்ல கடற்கரைகளும் ஏராளம். இத்தாலிய சுகாதார அமைச்சகத்தின் "போர்த்தாலே ஆக்வே" தளத்தில் ஒவ்வொரு குளியல் பகுதியின் கிருமிச் சோதனை முடிவும் இருக்கிறது. பெரிய மழை பெய்த மறுநாள் ஆற்று வாய்க்கும் வடிகாலுக்கும் பக்கத்தில் இறங்காமலிருப்பது நல்லது. கரையில் பழுப்பு இலைகள் குவிந்து கிடந்தால் முகம் சுளிக்காதீர்கள், அது பொசிதோனியா என்ற கடற்புல். மணலை அரிக்காமல் பிடித்து வைப்பதே அதுதான்.

ஆழமில்லாத மணலில் "த்ரச்சீனா" என்ற முள்மீன் புதைந்திருக்கும். மிதித்தால் கடுமையான வலி. பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் காலை அரைமணி வைத்தால் தணியும். மூச்சுத்திணறினாலோ முகம் வீங்கினாலோ 112 என்ற அவசர எண்ணை அழையுங்கள். சொறிமீன் பட்டால் நல்லதண்ணீர் ஊற்றாமல், தேய்க்காமல், கடல்நீரால் அலசுங்கள். கடற்கரைக் கடைகளில் கிடைக்கும் ரப்பர் காலணியை முதல் நாளே வாங்கிவிட்டால் த்ரச்சீனா, கூழாங்கல், கடல் முள்ளெலி மூன்றையும் பெருமளவு சமாளிக்கலாம்.

8 நாளில் ரிமினி, சலெந்தோ இரண்டும் வேண்டும் என்று ஆசை வரலாம். ரிமினியிலிருந்து லெச்சேக்கு நேர் ரயில் உண்டு, ஆனால் ஒரு பகல் அதிலேயே கழிந்துவிடும். ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தேதி தள்ளிப்போகும் என்றால் ஆகஸ்ட் 15 ஐ ஒட்டிய இரண்டு வாரத்தைத் தவிர்த்து செப்டம்பர் முதல் பாதிக்குத் தள்ளுங்கள். தெற்கே கடல் அப்போதும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், குடை வாடகையும் இறங்கியிருக்கும்.