எஃப்-1 விசாவுல டென்னிஸ் ஸ்காலர்ஷிப்ல அமெரிக்கா போற தம்பி சோஷியல் மீடியா மார்க்கெட்டிங் கத்துக்கலாமா?

கேள்வி சுருக்கமா இதுதான்: தம்பிக்கு சென்னையிலேர்ந்து அமெரிக்க காலேஜ் ஒண்ணுல டென்னிஸ் ஸ்காலர்ஷிப் கெடச்சிருக்கு, ஆகஸ்ட்ல கெளம்புறார், அங்க காலேஜ் டீம்ல ஆடுற பசங்க இன்ஸ்டால போஸ்ட் போட்டே லட்ச லட்சமா சம்பாதிக்கிறாங்கனு கேள்விப்பட்டு இப்பவே சோஷியல் மீடியா மார்க்கெட்டிங் கோர்ஸ் சேரணும்ங்கிறார், ஆட்டம் கெட்டுடுமோ விசாவுக்கு ஏதாவது ஆயிடுமோனு வீட்ல பயப்படுறாங்க.

நானும் சென்னையில ஆடிட்டு அதே மாதிரி ஸ்காலர்ஷிப்ல போனவதான், டிவிஷன் 1 டென்னிஸ் (அங்க காலேஜ் விளையாட்டுல உச்ச லெவல்), எஃப்-1 விசா (ஸ்டூடண்ட் விசா), இப்ப பொழப்பே மார்க்கெட்டிங் வேலைலதான் ஓடுது. அதனால உறுதியா சொல்றேன், தம்பி தாராளமா கத்துக்கட்டும். ஆனா அமெரிக்கால இருக்கிற வரைக்கும் எந்த பிராண்ட் கிட்டயும் போஸ்ட் போடுறதுக்காக காசோ பொருளோ வாங்கக் கூடாது. கத்துக்கிறதுக்குத் தடை இல்ல, விக்கிறதுக்குத்தான் தடை. இந்த வித்தியாசம் வீட்ல எல்லாருக்கும் புரிஞ்சிடுச்சுன்னா பாதி பயம் போயிடும்.

மொதல்ல அந்த லட்சங்கள் எங்கேர்ந்து வந்துச்சுனு சொல்லிடுறேன். ரொம்ப காலமா அங்க காலேஜ் ஆட்டக்காரங்க தங்களோட பேரை வச்சு ஒரு பைசா சம்பாதிக்கக் கூடாதுனு காலேஜ் விளையாட்டை நடத்துற என்சிஏஏங்கிற அமைப்பு ரூல் வச்சிருந்துச்சு. 2017ல சென்ட்ரல் ஃப்ளோரிடா யுனிவர்சிட்டி அமெரிக்கன் ஃபுட்பால் டீம் கிக்கர் டொனால்ட் டி லா ஹே யூடியூப் சேனல்ல காசு வருதுங்கிற ஒரே காரணத்துக்காக ஸ்காலர்ஷிப்பையே இழந்தார், சேனலை மாத்திக்கோ இல்ல ஆட்டத்தை விடுங்கிற மாதிரி கண்டிஷன் போட்டாங்க, அவர் சேனலை விட மாட்டேன்னுட்டார். 2019 செப்டம்பர்ல கலிஃபோர்னியா மாநிலம் ஆட்டக்காரங்க சம்பாதிக்கலாம்னு சட்டம் போட்டுச்சு, 2021 ஜூன் 21ல ஆல்ஸ்டன் வழக்குல சுப்ரீம் கோர்ட் 9-0னு என்சிஏஏவுக்கு எதிரா தீர்ப்பு சொல்லுச்சு, அதுக்கப்புறம் தாக்குப் பிடிக்க முடியாம ஜூலை 1லேர்ந்து கதவைத் திறந்து விட்டுட்டாங்க. இதைத்தான் என்ஐஎல்னு சொல்றாங்க, அதாவது பேரு, முகம், அடையாளம் இதை வச்சு சம்பாதிக்கிற உரிமை. அந்த மொத நாளே ஃப்ரெஸ்னோ ஸ்டேட் பாஸ்கெட்பால் டீம்ல ஆடுன கேவிண்டர் ரெட்டைச் சகோதரிங்க பூஸ்ட் மொபைல் கம்பெனியோட ஒப்பந்தம் போட்டு நியூயார்க் டைம்ஸ் ஸ்கொயர் போர்டுல வந்தாங்க. லூசியானா ஸ்டேட் யுனிவர்சிட்டி (எல்எஸ்யு) ஜிம்னாஸ்ட் ஒலிவியா டன் பத்தியெல்லாம் தம்பி ஏற்கெனவே பாத்திருப்பார்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், கேவிண்டர் சகோதரிங்களும் சரி டன்னும் சரி பெரிய டிவி காண்ட்ராக்ட் இருக்கிற ஃபுட்பால் ஆட்டக்காரங்க இல்ல. ரூல் மாறுற நாளுக்கு முன்னாடியே காசு வராதுனு தெரிஞ்சும் டிக்டாக்ல வீடியோ போட்டுப் பழகி ஒரு கூட்டத்தைச் சேத்து வச்சிருந்தாங்க, கதவு திறந்தப்ப ரெடியா நின்னாங்க. தம்பிக்கு இதுல ஒரு பாடம் இருக்குனு நெனைக்கிறேன், ஏன்னா அவரோட கதவும் இப்ப மூடித்தான் இருக்கு.

அந்தக் கதவு விசா. எஃப்-1ல போறவங்க படிக்கத்தான் போறாங்க, வேலை செய்யணும்னா தனியா அனுமதி வேணும். பிராண்டுக்காக ரீல் எடுத்துப் போட்டு காசு வாங்குனா அது வேலைதான், என்சிஏஏ அனுமதிச்சாலும் இமிக்ரேஷன் ரூல் அப்படியே இருக்கு. ஸ்காலர்ஷிப் பணம் வேற, அதுல பிரச்சனை இல்ல. பர்டியூ யுனிவர்சிட்டில ஆடுன ஜாக் ஈடி கனடாக்காரர், காலேஜ் பாஸ்கெட்பாலோட பெரிய ஸ்டார், கூட ஆடுற அமெரிக்கப் பசங்க மாதிரி அவரால சம்பாதிக்க முடியல. கென்டக்கில ஆடுன காங்கோ நாட்டுக்காரர் ஆஸ்கர் ஷிப்வே 2022ல டீம் பஹாமாஸ் போனப்ப அங்க இருந்த நாட்கள்ல தன்னோட விளம்பர வேலையெல்லாம் முடிச்சிட்டு வந்தார், வேலை அமெரிக்காவுக்கு வெளிய நடந்ததால. அந்த வழி நம்மாளுங்களுக்கும் ஓரளவு பொருந்தும், லீவுக்கு சென்னை வந்திருக்கிறப்ப இங்கேயே இந்திய பிராண்டுக்கு வேலை செஞ்சு இங்கேயே காசு வாங்குறது, ஆனா அதையும் காலேஜ் கம்ப்ளையன்ஸ் ஆபீஸ்ல (ஆட்டக்காரங்க ரூல் மீறாம பாத்துக்கிற ஆபீஸ்) சொல்லாம, இன்டர்நேஷனல் ஸ்டூடண்ட் ஆபீஸ்ல டிஎஸ்ஓனு ஒருத்தர் இருப்பாங்க அவங்க கிட்டயும் முடிஞ்சா ஒரு இமிக்ரேஷன் வக்கீல் கிட்டயும் கேக்காம செய்யக் கூடாது.

இன்னொண்ணு, இதுலதான் பசங்க அசால்ட்டா இருப்பாங்க. "காசு வேணாம் தம்பி, ரெண்டு ராக்கெட் அனுப்புறோம், ஒரு போஸ்ட் போடுங்க"னு டிஎம் வரும். போஸ்ட்டுக்குப் பதிலா வர்ற ராக்கெட்டும் ஷூவும் கூலிதான். டீம் மொத்தத்துக்கும் காலேஜ் குடுக்கிற கிட் வேற, அதைத் தாராளமா வாங்கிக்கலாம். 2025 ஜூன்ல, ஆட்டக்காரங்க என்சிஏஏ மேல போட்ட ஹவுஸ்ங்கிற வழக்கு செட்டில்மென்ட்டுக்கு கோர்ட் ஒப்புதல் குடுத்ததுக்கு அப்புறம் காலேஜே ஆட்டக்காரங்களுக்கு வருமானத்துல நேரடியா பங்கு குடுக்கலாம்னு ஆயிடுச்சு, மொத வருஷத்துக்கு ஒரு காலேஜுக்கு சுமார் 20.5 மில்லியன் டாலர் உச்சவரம்பு, அதுல பெரும்பங்கு ஃபுட்பாலுக்கும் பாஸ்கெட்பாலுக்கும்தான் போகுது. டென்னிஸ் பையன் அதை நம்பி ஒரு கணக்கும் போட வேணாம். டிவிஷன் 1 ஆண்கள் டென்னிஸ்ல ஆடுறவங்கள்ல பாதிக்கு மேல வெளிநாட்டுப் பசங்க, தம்பி ரூம்மேட்டே ஸ்பெயின்காரனாவோ பிரேசில்காரனாவோ இருப்பான், அவனுக்கும் இதே நெலமைதான்.

அப்ப காசு வராதுன்னா எதுக்குக் கத்துக்கணும்னு கேப்பீங்க. காலேஜ் முடிச்ச அப்புறம் டென்னிஸை வச்சு சம்பாதிக்கிறவங்க ரொம்பக் கம்மி. மகேஷ் பூபதி மிசிசிப்பி யுனிவர்சிட்டில ஆடி 1995ல என்சிஏஏ டபுள்ஸ் ஜெயிச்சார், சென்னையில பழகுன சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியாவுக்கு ஆடி 2007, 2008 ரெண்டு வருஷமும் சிங்கிள்ஸ் ஜெயிச்சார், அவங்க மாதிரி ப்ரோ சர்க்யூட்டுக்குப் போறவங்க விரல் விட்டு எண்ணுற அளவுதான். மத்தவங்களுக்கு வேலை வேணும். விளையாட்டுத் துறையிலேயே இருக்கணும்னு ஆசைப்படுற பசங்களுக்கு மார்க்கெட்டிங் மாதிரி நல்ல வாசல் வேற இல்லனு நான் நம்புறேன், அதுவும் ஆட்டம் தெரிஞ்சவங்க எழுதுற கேப்ஷனுக்கும் தெரியாதவங்க எழுதுறதுக்கும் உள்ள வித்தியாசம் பாத்த உடனே தெரியும்.

கத்துக்கிற விதம் பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும். கோர்ஸுக்கு நாப்பதாயிரம் அம்பதாயிரம்னு கட்டாதீங்க. ஹப்ஸ்பாட் அகாடமி, மெட்டா ப்ளூப்ரிண்ட் ரெண்டுலயும் இலவசமாவே பாடம் இருக்கு, அடிப்படைக்கு அது போதும். நெஜமான பாடம் ஒரு அக்கவுன்ட்டை நடத்துறதுலதான். எங்க டீம் அக்கவுன்ட்டை ஸ்டூடண்ட்ஸ் நாங்கதான் பாத்துக்கிட்டோம். எல்லா டீமும் என்ன போடும்? ஸ்கோர் கார்டு, ஜெயிச்சப்ப கை உயர்த்துற போட்டோ, பேஸ்லைனுக்குப் பின்னாடி வேலில போனை மாட்டி வச்சு எடுத்த ஸ்லோ மோஷன் சர்வ். நாங்களும் அதான் போட்டோம், அம்மா அப்பா லைக் போடுவாங்க, அவ்ளோதான்.

ஒரு நாள் நான் ராக்கெட்டுக்கு ஸ்ட்ரிங் போட்டுட்டு இருந்ததை டீம்மேட் மேலேர்ந்து எடுத்தா. மெயின்ஸ், அதாவது நெட்டு நரம்பை இழுத்து முடிச்சிட்டு குறுக்கு நரம்பான கிராஸை ஒண்ணு விட்டு ஒண்ணு மேல கீழ பின்னிட்டே போறது, மெஷின் இழுத்து டென்ஷன் வந்ததும் பீப்னு ஒரு சத்தம், டக்குனு கிளாம்ப் பூட்டுறது, கடைசி முடிச்சுப் போட்டு மிச்ச நரம்பை ஒட்ட நறுக்குறது. அது மேல என் குரல்ல, குளிர் காலத்துல நரம்பு விறைப்பா இருக்கும், அதனால 52 பவுண்டு டென்ஷன்ல போடுறவங்க ரெண்டு பவுண்டு கொறச்சுப் போட்டா கைக்கு நல்லா இருக்கும்னு சொன்னேன். வேற ஒண்ணுமே இல்ல. அந்த ரீலை ஜனங்க ஒருத்தருக்கு ஒருத்தர் அனுப்ப ஆரம்பிச்சாங்க. லைக்கை விட சேவ் அதிகம், சேவை விட ஷேர் அதிகம். அந்த ஊர் கிளப்ல வீக்கெண்ட் ஆடுற பெரியவங்க கமெண்ட்ல வந்து முழங்கை வலிக்கு எந்த நரம்பு நல்லதுனு கேட்டாங்க, அதுல சிலர் அப்புறம் எங்க ஹோம் மேட்சுக்கே புள்ளைங்களைக் கூட்டிட்டு வந்து உக்காந்தாங்க. காலியா இருக்கிற கேலரி முன்னாடி ஆடிப் பழகுன எங்களுக்கு அது எவ்ளோ பெரிய விஷயம்னு டென்னிஸ் ஆடுறவங்களுக்குத் தெரியும்.

அப்பதான் எனக்கு மார்க்கெட்டிங்னா என்னனு உறைச்சுச்சு. என் சர்வ் எவ்ளோ அழகுங்கிறது பாக்குறவங்களுக்குத் தேவையில்ல, அவங்க ராக்கெட்டுக்கும் அவங்க முழங்கைக்கும் என்ன கெடைக்கும்ங்கிறதுதான் தேவை. இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மோசேரியே எவ்ளோ நேரம் பாக்குறாங்க, லைக் பண்றாங்களா, இன்னொருத்தருக்கு அனுப்புறாங்களா இந்த மூணும்தான் முக்கியம்னு வெளிப்படையா சொல்லியிருக்கார், அந்தக் கணக்குல ஃபாலோயர் நம்பர் வரவே இல்ல பாருங்க. தம்பி ஒவ்வொரு ரீல் போட்டதுக்கப்புறமும் இன்சைட்ஸ்ல போய் எந்த செகண்ட்ல ஜனங்க தள்ளி விட்டுட்டுப் போறாங்கனு அந்த கிராஃபைப் பாக்கட்டும். மொத ரெண்டு மூணு செகண்ட்லயே சரிஞ்சா ஆரம்பம் சரியில்ல, நடுவுல சரிஞ்சா இழுத்துட்டோம். ஒரு சின்ன நோட்டுல எழுதி வச்சுக்கிட்டு அடுத்ததுல ஒண்ணே ஒண்ணை மட்டும் மாத்திப் பாக்கட்டும். ஆபீஸ்ல இப்ப நான் பண்றதும் இதேதான், பட்ஜெட் மட்டும்தான் பெருசு.

தம்பிக்கு ஒரு ஐடியா தர்றேன், இதை யாரும் தமிழ்ல ஒழுங்கா செய்யலனு ரொம்ப நாளா எனக்கு ஆதங்கம். நம்ம ஊர்ல ஜூனியர் டோர்னமென்ட் ஆடுற புள்ளைங்களோட அப்பா அம்மாவுக்கு அமெரிக்க காலேஜ் டென்னிஸ் பத்தி சரியான தகவலே கெடைக்கிறதில்ல. யுடிஆர் ரேட்டிங்னா என்ன, கோச்சுக்கு மெயில் எப்ப எப்படி எழுதணும், மேட்ச் வீடியோ எப்படி எடுத்து அனுப்பணும், என்சிஏஏ எலிஜிபிலிட்டி சென்டர்ல பதிவு பண்றது எப்படி, முழு ஸ்காலர்ஷிப்புக்கும் பாதி ஸ்காலர்ஷிப்புக்கும் கையிலேர்ந்து போற காசுல என்ன வித்தியாசம், இதெல்லாம் தெரியாம ஏஜென்ட்டுங்க கிட்ட பெரிய தொகை கட்டிட்டு நிக்கிற குடும்பங்களை நானே பாத்திருக்கேன். தம்பி இப்பதான் அந்தப் பாதையில வந்திருக்கார், எல்லாம் ஞாபகத்துல பச்சையா இருக்கும். விசா இன்டர்வியூவுலேர்ந்து மொத செமஸ்டர் வரைக்கும் தமிழ்ல சின்னச் சின்ன வீடியோவா காசு வாங்காம போட்டார்னா சில ஆயிரம் பேர் பாத்தாலே போதும், அந்தச் சில ஆயிரமும் அதே தேவை இருக்கிற ஆளுங்க. நாலு வருஷம் கழிச்சு வேலை தேடுறப்ப "நான் இதை ஆரம்பிச்சு இப்படி வளர்த்தேன்"னு காட்ட முடியும்.

ஆட்டம் கெடுமாங்கிற பயம் நியாயமானதுதான். சீசன்ல வாரம் 20 மணி நேரம் வரைக்கும் பிராக்டிஸ் வைக்கலாம், அதுக்கு மேல வகுப்பு, அதுக்கு மேல பஸ் பயணம். வாரத்துல ஒரு நாள் லீவு குடுத்தே ஆகணும்னு ரூல் இருக்கு, அன்னிக்கு உக்காந்து ரெண்டு மூணு வீடியோ மொத்தமா எடுத்து வச்சிடலாம், மத்த நாள் போடுற வேலை மட்டும். மேட்ச் அன்னிக்கு போன் பைக்குள்ளயே இருக்கட்டும். தோத்தா பெட்டு கட்டுனவங்க டிஎம்ல வந்து அசிங்கமா திட்டுவாங்க, டென்னிஸ்ல இது ரொம்ப அதிகம், அந்த மெசேஜ் ரிக்வெஸ்ட்டைத் திறக்கவே வேணாம், ஃபில்டர் போட்டுடுங்க. அதை விட ஆபத்து நைஸா பேசி "உங்க நம்பர் ஒன் பிளேயருக்கு முதுகு வலியாமே, நாளைக்கு ஆடுவாரா"னு கேக்குறவங்க. சூதாடுறவங்களுக்குத் தகவல் குடுக்கிறது என்சிஏஏ ரூல்படி பெரிய குத்தம், ஆடுற தகுதியே போயிடும். அதனால டீம்ல யாருக்கு அடி, யாருக்குக் காய்ச்சல்னு ஸ்டோரில கூட வரக் கூடாது. காலேஜ் லோகோ போட்ட டீ-ஷர்ட்ல தன்னோட சொந்த சேனலுக்கு வீடியோ எடுக்கிறதுக்கும் முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுக்கணும்.

சரி, சட்டப்படி இதே வேலையில காசு பாக்க வழியே இல்லையான்னா, இருக்கு. எஃப்-1ல இருக்கிறவங்க காலேஜ் நடக்கிறப்ப வாரம் 20 மணி நேரம் வரைக்கும் கேம்பஸுக்குள்ள வேலை பாக்கலாம். அத்லெட்டிக் டிபார்ட்மென்ட்லயே சோஷியல் மீடியா, போட்டோ, வீடியோ எடிட்டிங்னு ஸ்டூடண்ட் வேலை இருக்கும், வேற டீமோட மேட்சை எடுக்கிறது, கிராஃபிக்ஸ் பண்றது. மணிக்கூலி பெருசா இருக்காது, ஆனா கத்துக்கிற இடம் அதான். ஒரு கல்வியாண்டு முடிஞ்ச அப்புறம் மேஜருக்கு சம்பந்தப்பட்ட இன்டர்ன்ஷிப்புக்கு சிபிடிங்கிற அனுமதி வாங்கலாம், டிகிரி முடிச்சா படிச்ச துறையில 12 மாசம் வேலை பாக்குற அனுமதி, அதுதான் ஓபிடி. பிசினஸ் அனலிடிக்ஸ் மாதிரி ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், இன்ஜினியரிங், கணக்கு) லிஸ்ட்ல இருக்கிற மேஜரா எடுத்திருந்தா இன்னும் 24 மாசம் நீட்டிக்கலாம். அதனால மார்க்கெட்டிங்ல ஆர்வம்னா மேஜர் எடுக்கிறப்பவே இதை யோசிக்கிறது நல்லது, மூணாவது வருஷம் யோசிச்சா லேட்.

கெளம்புறதுக்கு முன்னாடியே தம்பியை டிஎஸ்ஓவுக்கும் காலேஜ் கம்ப்ளையன்ஸ் ஆபீஸருக்கும் ஒரே மெயிலா எழுதச் சொல்லுங்க: என் பேர்ல காசு வராத ஒரு சேனல் நடத்தலாமா, அத்லெட்டிக் டிபார்ட்மென்ட்ல கேம்பஸ் வேலைக்கு டீம்ல ஆடுறவங்க விண்ணப்பிக்கலாமா, லீவுல இந்தியாவுல ஒரு ஒப்பந்தம் வந்தா யார் கிட்ட சொல்லணும். மூணு கேள்விதான். பதில் எழுத்துல வாங்கி பத்திரமா வச்சுக்கணும், போன்ல "ஓகே ஓகே"னு சொன்னது பத்தாது. தம்பியோட மேஜர் என்ன, எந்த மாநிலம்னு கமெண்ட்ல சொன்னீங்கன்னா எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் இன்னும் விவரமா எழுதுறேன்.