கரண்ட் போய் வந்ததும் கிராஃபிக்ஸ் கார்டு போய்விட்டதா?

கேள்வி: கோத்தகிரி பக்கத்தில் ஒரு ஹட்டியில் சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாண வீடியோ எடிட்டிங்தான் தொழில். இன்டெல் ஐ5 10400எஃப் பிராசசர், செகண்ட் ஹேண்டில் வாங்கிய என்விடியா ஜிடிஎக்ஸ் 1650 கார்டு, உபுண்டு 24.04 (லினக்ஸ்). யூடியூபில் பார்த்து, என்விடியா தளத்திலிருந்து டிரைவர் ஃபைலை இறக்கி நானே போட்டேன். இரண்டு மாதம் நன்றாக ஓடியது. ரெண்டர் ஓடிக்கொண்டே இருப்பதால் மெஷினை அணைப்பதே இல்லை. போன வாரம் மழையில் லைன் மேல் மரம் விழுந்து ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லை. மறுநாள் ஆன் செய்தால் திரை 1024-க்கு 768-இல் நிற்கிறது. எடிட்டிங் மென்பொருள் கெடென்லைவ் நகரவே மாட்டேன் என்கிறது. செட்டிங்ஸில் கிராஃபிக்ஸ் என்ற இடத்தில் ‘எல்எல்விஎம்பைப்’ என்று வருகிறது. கோயம்புத்தூரில் ஒரு கடையில் போனில் கேட்டேன். பனிமூட்டத்தில் கார்டு போயிருக்கும், புதிது வாங்குங்கள் என்றார்கள். உபுண்டுவை அழித்துவிட்டு மறுபடி போட்டுப் பார்க்கவா அண்ணா? அடுத்த வாரம் ஒரு வீடியோ கொடுத்தாக வேண்டும்.

பதில்: கார்டு வாங்க வேண்டாம் தம்பி. உபுண்டுவையும் அழிக்க வேண்டாம். முக்கியமாக, அழிக்கவே வேண்டாம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

உங்கள் கார்டு சாகவில்லை. அதற்கான அத்தாட்சியை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 10400எஃப் என்பதில் கடைசியில் வரும் ‘எஃப்’ என்ற எழுத்தைக் கவனியுங்கள். இன்டெல் டெஸ்க்டாப் பிராசசர்களில் அந்த எழுத்து இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் வசதி இல்லை என்று பொருள். மதர்போர்டின் பின்பக்கம் எச்டிஎம்ஐ ஓட்டை இருந்தாலும் அதிலிருந்து படம் வராது. ஆக, உங்கள் மானிட்டரில் இப்போது தெரிகிற படம், மங்கலோ பெரிதோ, அந்த 1650 கார்டு வழியாகத்தான் வந்தாக வேண்டும். கார்டு போயிருந்தால் கறுப்புத் திரைதான் மிஞ்சியிருக்கும். படத்தில் கோடு, கலர் கலராகப் புள்ளி என்று எதுவும் இல்லையென்றால் கார்டைப் பற்றிய கவலையை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

அடுத்த துப்பு அந்த ‘எல்எல்விஎம்பைப்’. அது கார்டின் பெயரோ டிரைவரின் பெயரோ இல்லை. கிராஃபிக்ஸ் டிரைவர் எதுவும் கிடைக்காதபோது, திரையில் வரைய வேண்டிய எல்லாவற்றையும் பிராசசரையே கணக்குப் போட வைக்கும் மென்பொருள் அது. கெடென்லைவ் நகராததற்குக் காரணம் இதுதான். 1024-க்கு 768 என்பது, கணினி எழும்போது பயாஸ் அமைத்துக் கொடுத்த திரையை அப்படியே வைத்துக்கொண்டு உபுண்டு சமாளிக்கிறது என்பதைக் காட்டுகிறது. சரி, டிரைவர் எங்கே போனது?

அது எங்கும் போகவில்லை. அந்த ராத்திரி மாறியது கர்னல், அதாவது கணினியின் பாகங்களை ஓட்டுகிற உபுண்டுவின் மையப் பகுதி. உபுண்டு பாதுகாப்பு அப்டேட்களைப் பின்னணியில் தானாகவே போட்டுக்கொள்ளும். அதில் புதிய கர்னலும் வரும். ஆனால் மெஷினை அணைத்து எழுப்பும் வரை பழைய கர்னல்தான் ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் அணைப்பதே இல்லை என்கிறீர்கள். அப்படியானால் புதுக் கர்னல் டிஸ்கில் வந்து உட்கார்ந்து, எழுப்பும் நாளுக்காகக் காத்திருந்திருக்கிறது. கரண்ட் போய் வந்ததும் அதுவே எழுந்தது. மரம் விழுந்ததற்கும் கார்டுக்கும் உள்ள தொடர்பு இவ்வளவுதான்.

எங்கள் குன்னூர் ரயிலைப் பார்த்திருப்பீர்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை ஓடும். எஞ்சினின் பல்சக்கரம் அந்தப் பல்லில் சரியாக உட்கார்ந்தால்தான் வண்டி ஏறும். என்விடியா டிரைவரின் உள்பகுதியும் அப்படித்தான். அதை மாட்யூல் என்பார்கள். எந்தக் கர்னலுக்காகக் கட்டப்பட்டதோ அந்தக் கர்னலில் மட்டுமே அது ஏறும். நீங்கள் இறக்கிய ஃபைல், அன்றைக்கு ஓடிய கர்னலுக்கு ஒரு மாட்யூலைக் கட்டிக் கொடுத்தது. புதுக் கர்னலுக்கு யாரும் கட்டவில்லை. கூடவே அந்த ஃபைல், லினக்ஸோடு வரும் ‘நூவோ’ என்ற திறந்தமூல டிரைவரையும் ஓடவிடாமல் தடுத்து வைத்திருக்கும். இரண்டு டிரைவரும் மோதிக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் செய்வது அது. அதனால் இப்போது உங்களிடம் என்விடியாவும் இல்லை, நூவோவும் இல்லை. மிஞ்சியது எல்எல்விஎம்பைப்.

அழிக்காதீர்கள் என்று அழுத்திச் சொன்னதற்குக் காரணம் வருகிறது. உபுண்டு பழைய கர்னலை உடனே தூக்கிப் போடாது, முந்தையது ஒன்றாவது இருக்கும். மெஷினை ஆன் செய்து, கம்பெனி லோகோ மறையும் நேரத்தில் எஸ்கேப் பொத்தானை ஒரு முறை அழுத்துங்கள். க்ரப் மெனு வரும். அதில் இரண்டாவதாக ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ என்று இருக்கும். உள்ளே போனால் கர்னல்கள் எண்ணோடு வரிசையாக இருக்கும். மேலே இருப்பது புதிது. அதற்குக் கீழே, ‘ரெகவரி’ என்று போடாத பழைய எண்ணைத் தேர்ந்தெடுங்கள். திரை பழையபடி விரிந்து வந்தால் நான் சொன்னது உறுதி. அதோடு உங்கள் வேலையும் இன்றே தொடங்கிவிடும். வீடியோவை முடித்துக் கொடுக்கும்வரை ஒவ்வொரு முறையும் பழைய கர்னலிலேயே எழுப்புங்கள், டிரைவரில் கை வைக்காதீர்கள். நடுவில் யாராவது ‘ஆட்டோரிமூவ்’ கட்டளை கொடுத்து இடத்தைக் காலி செய்யச் சொன்னால் கேட்காதீர்கள். பழைய கர்னல் அதில்தான் போகும்.

வீடியோ போய்ச் சேர்ந்த பிறகு நிதானமாக உட்காருங்கள். கட்டளைகளை ஒலிப்பில் எழுதுகிறேன், எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்துகள். புதுக் கர்னலில் எழுப்பி, டெர்மினலைத் திறந்து முதலில் எல்எஸ்பிசிஐ என்ற ஐந்து எழுத்து, இடைவெளி, ஒற்றைக் கோடு, ஒட்டி என்என்கே என்று கொடுங்கள். நீளமாக ஓடும். அதில் ‘விஜிஏ’ என்று வரும் வரியைத் தேடுங்கள். அங்கே டியு117 என்றும் 10டிஇ என்றும் இருக்கும். முதலாவது உங்கள் கார்டின் சிப், இரண்டாவது என்விடியாவின் அடையாள எண். அதே பத்தியில் ‘கர்னல் டிரைவர் இன் யூஸ்’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். உங்களுக்கு அந்த வரியே இருக்காது என்று நினைக்கிறேன். கார்டு தெரிகிறது, ஓட்ட ஆள் இல்லை என்று அதற்குப் பொருள்.

இனி எனக்கு மிகவும் பிடித்த சோதனை: சூடோ, இடைவெளி, மாட்ப்ரோப், இடைவெளி, என்விடியா. (மாட்ப்ரோப் என்பது எம், ஓ, டி, பி, ஆர், ஓ, பி, இ. முதல் ‘பி’ பென்சிலின் பி, இரண்டாவது பேட்டரியின் பி.) டிரைவரைக் கையால் பிடித்து ஏற்றிப் பார்க்கிற கட்டளை இது. ஏற முடியாவிட்டால் காரணத்தை அதுவே சொல்லும். நோயை இரண்டாகப் பிரித்துக் காட்டும் வாசகம் அங்கேதான் கிடைக்கும். ஆனால் பெரும்பாலோர் அதைப் படிக்காமலே டிரைவரை மறுபடி மறுபடி நிறுவுகிறார்கள். ‘மாட்யூல் என்விடியா நாட் ஃபவுண்ட்’ என்று வந்தால், இந்தக் கர்னலுக்கு மாட்யூல் கட்டப்படவில்லை. ‘கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்’ என்று வந்தால், மாட்யூல் இருக்கிறது, ஆனால் செக்யூர் பூட் (நம்பகமான கையொப்பம் இல்லாததைத் தடுக்கும் பயாஸ் காவல்) அதை உள்ளே விடவில்லை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

உங்களுக்கு முதல் வாசகம் வரும் என்று எதிர்பார்க்கிறேன். அப்படி வந்தால், அதே ஃபைலை மறுபடி ஓட்டி ஒப்பேற்றலாம். ஆனால் அடுத்த கர்னல் வந்ததும் இதே இடத்தில் நிற்பீர்கள். 24.04 வெளிவந்தபோது கர்னல் 6.8. அதே பதிப்பின் 24.04.3 வெளியீட்டில் அது 6.14. இப்படித் தாவும்போது பழைய டிரைவர் ஃபைலால் புதுக் கர்னலுக்கு மாட்யூலைக் கட்டவே முடியாமலும் போகலாம். அதனால் அந்த ஃபைல் வழியை விட்டுவிடுங்கள். சூடோ என்விடியா-அன்இன்ஸ்டால் என்று கொடுத்தால் (நடுவில் சிறு கோடு) பழையது போய்விடும். பிறகு சூடோ உபுண்டு-டிரைவர்ஸ், இடைவெளி, இன்ஸ்டால். கார்டைப் பார்த்து ஏற்ற டிரைவரை அதுவே எடுத்துப் போடும். இனிமேல் கர்னல் மாறினால் அதற்கேற்ற மாட்யூலும் கூடவே வரும். டெர்மினல் கூச்சமாக இருந்தால் ‘அடிஷனல் டிரைவர்ஸ்’ என்ற சாளரத்திலும் இதைச் செய்யலாம்.

அந்தச் சாளரத்தில் ஒரே எண்ணுக்கு இரண்டு மூன்று வகை தெரியும். ‘ஓப்பன்’ என்று முடிவது உங்கள் 1650-க்கும் ஆர்டிஎக்ஸ் கார்டுகளுக்கும் ஓடும். 1050 டிஐ, 1060 போன்ற முந்தைய தலைமுறைக்கு ஓடாது. நண்பர் யாருக்காவது போட்டுக் கொடுக்கும்போது இதை மறக்காதீர்கள். ‘சர்வர்’ என்று முடிவது நமக்கு வேண்டாம். குழப்பமாக இருந்தால் ‘ரெக்கமண்டட்’ என்று போட்டிருப்பதையே எடுங்கள்.

இறக்க வேண்டியது சில நூறு எம்பி வரும். ஹட்டியில் சிக்னல் சுமாராக இருந்தால் போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் கொடுங்கள், லினக்ஸில் அது தனி டிரைவர் எதுவும் இல்லாமல் வேலை செய்யும். யூபிஎஸ் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் கோத்தகிரி, குன்னூர் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று யாரால் சொல்ல முடியும்? பாதியில் போய்விட்டாலும் பயப்பட வேண்டாம். எழுந்ததும் சூடோ டிபிகேஜி, இடைவெளி, இரட்டைக் கோடு போட்டு ஒட்டி கான்ஃபிகர், மறுபடி இடைவெளி, ஒற்றைக் கோடும் ஏ-யும். விட்ட இடத்திலிருந்து முடித்துக்கொள்ளும்.

எல்லாம் முடிந்து ரீஸ்டார்ட் செய்த பிறகு என்விடியா-எஸ்எம்ஐ என்று கொடுங்கள். கார்டின் பெயர், சூடு, 4 ஜிபி மெமரி எல்லாம் ஒரு கட்டத்துக்குள் வந்தால் வேலை முடிந்தது.

ஒருவேளை இரண்டாவது வாசகம் வந்திருந்தால்? இரண்டு மாதம் ஓடியது திடீரென்று செக்யூர் பூட்டில் மாட்டுவதற்கு ஒரு வழி உண்டு. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருந்தால், நீண்ட நேரம் கரண்ட் இல்லாதபோது பயாஸ் அமைப்புகள் ஆரம்ப நிலைக்குப் போய்விடும். நீங்கள் அணைத்து வைத்திருந்த செக்யூர் பூட் அதில் மறுபடி ஆன் ஆகியிருக்கலாம். பயாஸுக்குள் போய்த் தேதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் போயிருந்தால் பேட்டரியை மாற்றுங்கள், செலவு சொற்பம்.

செக்யூர் பூட்டை அணைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. உபுண்டு தானே தயாரித்துத் தரும் மாட்யூல்களில் அதன் கையொப்பம் இருக்கும், அவை நேரே உள்ளே போகும். உங்கள் மெஷினிலேயே கட்டப்படும் மாட்யூல் என்றால், நிறுவும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்கும். அடுத்த முறை எழும்போது நீலத் திரை ஒன்று வந்து 10 விநாடிதான் காத்திருக்கும். அந்த நேரத்தில் டீ போடப் போய்விடாதீர்கள். ஏதாவது ஒரு கீயை அழுத்தி, ‘என்ரோல் மோக்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். தவறவிட்டால் முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும். அதே மெஷினில் விண்டோஸும் அதன் டிஸ்கைப் பூட்டும் பிட்லாக்கரும் இருந்தால், செக்யூர் பூட்டைத் தொடும் முன் ரெகவரி கீயை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் விண்டோஸ் திறக்காமல் போகலாம்.

கடைக்காரர் சொன்ன பனிமூட்டத்தையும் நான் ஒதுக்கிவிடவில்லை. கூடலூரிலிருந்து ஒரு மெஷின் என்னிடம் வந்தது. ஆனி ஆடி மழை முழுக்கப் பூட்டிய வீட்டில் கிடந்தது. அதில் எல்எஸ்பிசிஐ கொடுத்தால் என்விடியா என்ற பெயரே வரவில்லை. கார்டைக் கழற்றினால் பொன்னிறப் பற்களின் மேல் மங்கலாக ஒரு படலம். பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை நன்றாகத் தட்டிவிட்டு, ஸ்லாட்டில் கொக்கி விழும் வரை அழுத்தினேன். முதல் தடவையிலேயே பெயர் வந்தது. ஈரம் செய்த வேலை என்றால் இப்படித்தான், பட்டியலிலேயே கார்டு இருக்காது. அப்போதுதான் பெட்டியைத் திறக்க வேண்டும், அதுவும் பிளக்கைப் பிடுங்கி, பவர் பொத்தானை ஒரு முறை அழுத்தி மிச்சக் கரண்டையும் வடித்த பிறகு. 6 பின், 8 பின் பவர் ஒயர் கேட்கும் கார்டுகளில் அந்த ஒயரையும் பாருங்கள். ஸ்லாட் தருவது 75 வாட் வரைதான், அதற்கு மேல் தேவைப்படுவது ஒயர் வழியாகத்தான் வரும். கார்டையோ மெஷினையோ குளிரில் வண்டியில் கொண்டுவந்தால், வெதுவெதுப்பான அறையில் ஒன்றிரண்டு மணி நேரம் சும்மா வைத்துவிட்டு ஆன் செய்யுங்கள், உள்ளே பனித்துளி படிந்திருக்கும்.

ஏஎம்டி கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை. அவர்களின் டிரைவர் கர்னலோடு சேர்ந்தே வருகிறது. புதுக் கார்டு தெரியவில்லையென்றால் கர்னலையும் லினக்ஸ்-ஃபர்ம்வேர் பொதியையும் புதுப்பித்தால் அநேகமாகச் சரியாகும். ஜிடி 710 வைத்திருப்பவர்கள் 470 வரிசை டிரைவரோடு நின்றுகொள்ள வேண்டும், அதற்கு மேல் அந்தத் தலைமுறைக்கு ஆதரவு இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் திரை விரியவில்லையென்றால், எல்எஸ்பிசிஐ பத்தியில் கார்டுக்குரிய வரிகளையும் மாட்ப்ரோப் சொன்ன வாசகத்தையும் அப்படியே போட்டோ எடுத்து அனுப்புங்கள். பழைய கர்னலில் படம் சரியாக வந்ததா இல்லையா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.