இது யாரு கட்டு?

அன்புள்ள ஐயா,

பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் இருக்கிறேன். இந்த மே தினத்தன்று எங்கள் குடியிருப்பில் வேலை பார்க்கும் துப்புரவுப் பணியாளர்கள், காவலாளி, மோட்டார் போடுபவர் என்று 11 பேரை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினோம். எங்களுக்கு நிறைவாக இருந்தது. ஆனால் என் மகள், "இதனால் அவர்களுக்கு என்ன?" என்று கேட்டுவிட்டாள். யாரும் கண்டுகொள்ளாத உழைப்பாளிகளைப் பாராட்ட வேறு என்ன வழி? அடுத்த ஆண்டு பீடி சுற்றும் பெண்களை அழைக்க எண்ணம். புகையிலைத் தொழிலுக்கு மரியாதை செய்யலாமா என்ற தயக்கமும் இருக்கிறது.

ம., பாளையங்கோட்டை

அன்புள்ள ம.,

மகளுக்கு என் வாழ்த்து. பொன்னாடையைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. மே மாத வெயிலில் அதைப் போர்த்திக்கொண்டு நின்றவர்கள் சொல்லட்டும். புகையிலைத் தயக்கத்தைப் புகைக்கிறவர்களிடம் காட்டுங்கள்.

பீடி என்றதும் நான் நம்ம திருநெல்வேலிப் பக்கத்து முக்கூடலுக்குப் போய்விட்டேன். என் பெரியம்மை அங்கே முப்பது வருஷம் பீடி சுற்றினாள். ராத்திரியே பீடி இலையை நனைத்துத் துணியில் சுருட்டி வைப்பாள். விடிந்ததும் அளவுத் தகரத்தை வைத்துக் கத்தரிப்பாள். அப்புறம் மடியில் சுளகு, சுளகில் புகையிலைத் தூள். ஒரு சிட்டிகை அள்ளி, ஓர் உருட்டு, தலையை மடக்கி ஓர் அழுத்து, நூலில் ஒரு சுற்று. 25 பீடி ஒரு கட்டு, 40 கட்டு சேர்ந்தால் ஆயிரம். ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி. சோறு பொங்குவதும் எனக்குத் தலை வாருவதும் கட்டுகளுக்கு நடுவில்தான்.

சாயங்காலம், இலையும் தூளும் தந்த பீடிக் கடையிலேயே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அங்கே இருந்தவர் கட்டை வாங்கி ஒரு பார்வை பார்ப்பார், ஓர் அழுத்து அழுத்துவார், பிடிக்காததை உருவிக் கீழே போடுவார். அதற்குப் பெயர் கழிவு. தேறிய தொள்ளாயிரத்துச் சொச்சத்துக்கு ஒரு வார்த்தை கிடையாது. கழிவுக்கு மட்டும் உண்டு: "என்ன தாயி, தூக்கத்துல சுத்துனியா?" 1966இல் வந்த பீடித் தொழிலாளர் சட்டத்தில், கழித்த பீடிக்குக் கூலி உண்டா என்ற தகராறுக்கும் சேர்த்து ஒரு பிரிவு வைத்திருந்தார்கள் என்று பின்னாளில் படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை.

திண்ணையில் கதை வேறு. மத்தியானம் நாலைந்து பேர் கூடி உட்கார்ந்து சுற்றுவார்கள். ஒரே கடைச் சரக்கு, ஒரே நிற நூல். இருந்தாலும் ஒரு கட்டைத் தூக்கிக் காட்டினால் யார் சுற்றியது என்று சொல்லிவிடுவார்கள். நூல் விழுகிற இடம், தலை மடங்குகிற வாக்கு, அதில் தெரிந்துவிடுமாம். ஒரு நாள் பக்கத்து வீட்டு ஆச்சி பெரியம்மையின் கட்டு ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏளா, காய்ச்சலோட சுத்துனது மாதிரில்லா இருக்கு?" என்றாள். முந்தின ராத்திரி பெரியம்மைக்கு நல்ல காய்ச்சல். எங்களிடமே அவள் சொல்லவில்லை.

'யாரும் கண்டுகொள்ளாத' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த 'யாரும்' யார் ஐயா? நீங்களும் நானும்தானே? ஆச்சி கண்டுகொண்டாளே. 11 பேருக்கும் ஒரே மாதிரி பொன்னாடை போர்த்தினீர்கள். அதில் யார் மூலைமுடுக்கெல்லாம் கூட்டுகிறவர், யார் ஒப்பேற்றுகிறவர் என்று போர்த்தியவர்களில் ஒருவருக்காவது தெரியுமா? நீங்கள் பல் தேய்க்கும்போது குழாயில் தண்ணீர் வர, மோட்டார் போடுபவர் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார்? தெரியாமல் யாரைப் பாராட்டினீர்கள்? கோபம் வந்தால் வரட்டும், சொல்லிவிடுகிறேன்: அந்தக் கடைக்காரருக்காவது கெட்ட பீடி எது என்று தெரியும்.

பீடி சுற்றும் பெண்களை மேடைக்கு அழைக்காதீர்கள். வந்தால் அன்றைக்கு ஆயிரம் பீடி போச்சு, அந்தக் கூலியை யார் கொடுப்பது? மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு மத்தியானம் அந்தப் பக்கம் போய் உட்காருங்கள். நீங்களும் ஒரு பீடி சுற்றிப் பாருங்கள். சிரிப்பார்கள், பரவாயில்லை.